டேப்பிலிருந்து யூனிக்ஸ் ஏழாம் பதிப்பு: அந்த ஆறு எண்கள் என்ன செய்கின்றன?

கேள்வி இதுதான்: "பழைய பிடிபி-11 கணினியின் சிமுலேட்டரில் யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பை டேப் பிம்பத்திலிருந்து (காந்த நாடாவின் நகலான கோப்பிலிருந்து) நிறுவினேன். வழிமுறையில் இருந்ததை அப்படியே அடித்தேன், வந்துவிட்டது. ஆனால் நான் என்ன செய்தேன் என்பது புரியவில்லை. ஃபைல் சிஸ்டத்தை ஏன் இரண்டு முறை உருவாக்குகிறோம்? டேப்பில் ஆறு கோப்புகளை ஏன் தாண்டுகிறோம்? நிஜ இயந்திரம் கிடைத்தால் இதே வேலையை எப்படிச் செய்வது?"

வந்துவிட்டது என்று விட்டுவிடாமல் கேட்டீர்களே, அதற்கே விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். ஒரு சின்ன ஏற்பாடு: கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

படிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பதை விட்டுவிட்டு முதலில் டேப்பைப் பாருங்கள். இன்று நாம் பழகிய "இன்ஸ்டாலர்" என்ற ஒன்று ஏழாம் பதிப்பில் கிடையாது. டேப்பில் கோப்புகள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அந்த வரிசைதான் இன்ஸ்டாலர். ஒவ்வொரு கோப்பும் அடுத்த கோப்பைப் படிப்பதற்கான சக்தியை இயந்திரத்துக்குக் கொடுக்கிறது. இது புரிந்துவிட்டால் வழிமுறைத் தாளே இல்லாமல் நிறுவலாம். எங்கே தடுக்கினாலும் எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்று உடனே தெரியும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏழாம் பதிப்பு நியூஜெர்சியின் மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்திலிருந்து 1979 ஜனவரியில் வந்தது. டிஜிட்டல் நிறுவனத்தின் பிடிபி-11/45, 11/70 இயந்திரங்களுக்கானது. நிறுவும் முறையைச் சார்லஸ் ஹேலியும் டென்னிஸ் ரிட்சியும் சில பக்கங்களில் எழுதிக் கையேட்டோடு கொடுத்தார்கள். நீங்கள் பின்பற்றிய வழிமுறை எங்கே கிடைத்திருந்தாலும் அதன் வேர் அந்தச் சில பக்கங்கள்தான். 2002 ஜனவரியில் கால்டெரா நிறுவனம் பழைய யூனிக்ஸ் பதிப்புகளை பிஎஸ்டி பாணி உரிமத்தில் திறந்துவிட்டது. அதனால்தான் இன்று நீங்களும் நானும் இதைத் தடையில்லாமல் ஓட்ட முடிகிறது.

சரி, டேப்புக்கு வருவோம். அதில் ஏழு கோப்புகள், 0 முதல் 6 வரை. கோப்பு என்றால் பெயர் வைத்த கோப்பு இல்லை. டேப்பில் பெயர் என்ற பேச்சே கிடையாது. "டேப் மார்க்" என்ற அடையாளம் வரும்வரை இருக்கும் பிளாக்குகள் (தரவுத் துண்டுகள்) எல்லாம் சேர்ந்து ஒரு கோப்பு. முதலில், அதாவது 0-இல், இயந்திரத்தைக் கிளப்பிவிடும் பூட் நிரல். 3-இல் எம்கேஎஃப்எஸ், வெற்று ஃபைல் சிஸ்டத்தை, அதாவது வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் அமைப்பை, உருவாக்குவது. 4-இல் ரெஸ்டோர், டம்ப் செய்து (முழுதாக நகலெடுத்து) வைத்ததை வட்டில் திரும்ப விரிப்பது. 5-இல் ரூட் எனும் அடிப்படை ஃபைல் சிஸ்டத்தின் டம்ப். 6-இல் மிச்சக் கோப்புகள் இருக்கும் யூஎஸ்ஆர் ஃபைல் சிஸ்டத்தின் டம்ப். 3, 4-இல் இருப்பவை இயங்குதளமே இல்லாமல் தனியாக ஓடக்கூடிய நிரல்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் முதல் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது.

இப்போது நிஜ இயந்திரத்தின் முன் நிற்பதாக வைத்துக்கொள்வோம். 11/45, டியு10 டேப் டிரைவ், ஆர்பி03 வட்டு. மெமரி காலி, வட்டு காலி. டேப்பைப் படிக்க ஒரு நிரல் வேண்டும், அந்த நிரலோ டேப்பில் இருக்கிறது. இந்த முடிச்சை அவிழ்ப்பவைதான் முன்பலகை ஸ்விட்சுகள் வழியாகக் கையால் ஏற்றும் ஆறு எண்கள். எல்லாம் ஆக்டல், அதாவது எட்டின் அடிப்படையில் எழுதிய எண்கள்:

012700
172526
010040
012740
060003
000777

இந்த ஆறு வரிகள் எனக்கு மிகவும் பிடித்தவை. நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

டேப் கட்டுப்பாட்டுக் கருவியின் பதிவகங்கள் (அதற்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்கள்) மெமரி முகவரிகளாகவே தெரியும் என்பது பிடிபி-11இன் அழகு. 172522 கட்டளைப் பதிவகம். 172524 எத்தனை பைட் படிக்க வேண்டும் என்ற எண்ணிக்கை. 172526 படித்ததை மெமரியில் எங்கே போடுவது என்ற முகவரி. முதல் இரண்டு எண்கள் சேர்ந்து ஒரே ஆணை: 172526 என்ற எண்ணை ஆர்0 பதிவகத்தில் வை. மூன்றாவது எண் 010040: ஆர்0-வை இரண்டு குறைத்து, அது காட்டும் இடத்தில், அதாவது 172524-இல், ஆர்0-வின் மதிப்பையே எழுது. பைட் எண்ணிக்கைக்கு ஒரு முகவரியை எழுதுகிறோம்! அது எப்படிச் சரியாகும்? எண்ணிக்கையை எதிர்ம எண்ணாகத்தான் கொடுக்க வேண்டும். 172526-ஐ எதிர்ம எண்ணாகப் படித்தால் -2730. டேப்பின் முதல் பிளாக் 512 பைட்தான். பிளாக் முடிந்ததும் படிப்பது தானே நின்றுவிடும். அதனால் எண்ணிக்கை 512-க்கு மேல் எதுவாக இருந்தாலும் போதும். தனியாக ஓர் எண்ணைச் சேமிக்கும் மெமரிச் சொல்லை (ஓர் எண் அடங்கும் இடத்தை) இப்படி மிச்சப்படுத்தியிருக்கிறார்கள். கையால் ஸ்விட்ச் தட்டுகிறவருக்கு ஒரு சொல் குறைவது பெரிய உதவி.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. இந்த ஆணையில் ஆர்0-வின் பழைய மதிப்பு எழுதப்படுமா, குறைத்த பிறகான மதிப்பு எழுதப்படுமா என்பது பிடிபி-11 மாடலுக்கு மாடல் மாறும். இங்கே எது எழுதப்பட்டாலும் கவலையில்லை, 2730-க்குப் பதில் 2732 ஆகும், அவ்வளவுதான்.

நான்காவதும் ஐந்தாவதும்: மறுபடி இரண்டு குறைத்து, 172522-இல் 060003-ஐ எழுது. 060000 என்ற பகுதி ஒன்பது தடம், அங்குலத்துக்கு 800 என்ற அடர்த்தியைச் சொல்கிறது. கடைசி 3-இல் "படி" என்ற கட்டளையும் "புறப்படு" என்ற பிட்டும் இருக்கின்றன. அதை எழுதிய நொடியில் டேப் நகரும். ஆறாவது 000777, தன்னையே சுற்றிக்கொண்டிரு என்ற ஆணை. முகவரிப் பதிவகமான 172526-ஐ யாரும் தொடவில்லை. அது பூஜ்யமாக இருக்கும் என்று வைத்துத்தான் நிரல் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே டேப்பின் முதல் பிளாக் மெமரியின் 0-ஆம் இடத்தில் வந்து உட்காரும். அந்த இடத்தில் மோதிவிடக் கூடாது என்பதால்தான் நம் ஆறு எண்களை 100000-இல் தள்ளி வைக்கிறோம்.

பலகையில் செய்வது எளிது. ஸ்விட்சுகள் மூன்று மூன்றாக நிறம் பிரித்திருக்கும், ஒரு மூன்று ஓர் ஆக்டல் இலக்கம். 100000 வைத்து லோடு அட்ரஸ். பிறகு ஒவ்வோர் எண்ணாக வைத்து டெபாசிட் ஸ்விட்சைத் தூக்க வேண்டும், முகவரி தானாக நகர்ந்துகொள்ளும். ஆறும் போட்ட பிறகு மறுபடி 100000-க்குப் போய் எக்ஸாமின் ஸ்விட்சால் ஆறையும் ஒருமுறை விளக்குகளில் சரிபாருங்கள். இதை மட்டும் தவிர்க்காதீர்கள். அப்புறம் 100000-இலிருந்து ஸ்டார்ட். டேப் ஒரு துள்ளல் துள்ளி நிற்கும், இயந்திரம் சுற்றிக்கொண்டே இருக்கும். பலரும் இங்கே "தொங்கிவிட்டது" என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை, 000777 செய்ய வேண்டியதைத்தான் செய்கிறது. ஹால்ட் செய்து, முகவரியை 0 ஆக வைத்து, மறுபடி ஸ்டார்ட். கன்சோலில் "பூட்" என்ற சொல்லும் அடுத்த வரியில் ஒரு முக்காற்புள்ளியும் வரும்.

சிமுலேட்டரில் இந்த வேலை முழுவதையும் "பூட் டிஎம்0" என்ற கட்டளை செய்துவிடுகிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நம் ஆறு எண்கள் டேப்பின் முதல் பிளாக்கைப் படிக்கின்றன. டிஜிட்டலின் வழக்கமான முறையோ முதலாவதைத் தாண்டி இரண்டாவதைப் படிக்கும். சிம்ஹெச் சிமுலேட்டரும் வழக்கமான முறையைத்தான் பின்பற்றுகிறது. வேறு ஏதாவது பழைய டேப் பிம்பம் பூட் ஆகாமல் அடம்பிடித்தால், பூட் கட்டளையோடு கழித்தல் குறியும் ஓ எழுத்தும் சேர்த்துப் பாருங்கள், முதல் பிளாக்கிலிருந்து எடுக்கும்.

முக்காற்புள்ளி வந்த பிறகு நீங்கள் அடித்தது டிஎம்(0,3). டிஎம் என்பது டேப், 0 டிரைவின் எண், 3 தாண்ட வேண்டிய கோப்புகளின் எண்ணிக்கை. மூன்றைத் தாண்டினால் எம்கேஎஃப்எஸ் மேல் நிற்போம். வட்டுக்கும் ஆர்பி(0,0) என்று இதே வடிவம்தான், ஆனால் அங்கே இரண்டாவது எண் வட்டில் எந்த பிளாக்கிலிருந்து தொடங்குவது என்பதைக் குறிக்கும். எழுதும் முறை ஒன்று, பொருள் இரண்டு. புதிதாக வருபவர்கள் குழம்புவது இதில்தான்.

எம்கேஎஃப்எஸ் அளவைக் கேட்கும், 5000 என்கிறோம். பிளாக்குக்கு 512 பைட், ஆக மொத்தம் 25 லட்சத்து 60 ஆயிரம் பைட். ஒரு முழு யூனிக்ஸின் ரூட் அதற்குள் அடங்குகிறது. முடிந்ததும் மறுபடி முக்காற்புள்ளி. டிஎம்(0,4) என்று ரெஸ்டோரை அழைக்கிறோம். எந்த டேப் என்று கேட்டால் டிஎம்(0,5), எந்த வட்டு என்றால் ஆர்பி(0,0). வட்டில் கிறுக்குவதற்கு முன் இதுதான் கடைசி வாய்ப்பு என்று ஓர் எச்சரிக்கை வரும். ரிட்டர்ன் தட்டினால் ஐந்து, பத்து நிமிடம் டேப் ஓடும். சிமுலேட்டரில் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுவதால் இந்த எச்சரிக்கையின் கனம் தெரிவதில்லை. நிஜ வட்டில் அந்த வரியைப் பார்த்துவிட்டு, போட்டிருக்கும் வட்டுப் பொதி சரியானதுதானா என்று ஒருமுறை எழுந்துபோய்ப் பார்ப்பது நல்லது.

இப்போது வட்டில் ரூட் இருக்கிறது. ஆர்பி(0,0)ஆர்பிடிஎம்யூனிக்ஸ் என்று அடித்தால் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மைய நிரல், ஏறும். அந்த நீளமான பெயரைப் பிரித்துப் படியுங்கள்: ஆர்பி வட்டு, டிஎம் டேப், யூனிக்ஸ். எந்த வன்பொருள் இருக்கிறது என்று கெர்னல் தானே தேடிக் கண்டுபிடிக்காது, அதைக் கட்டும்போதே சொல்லியிருக்க வேண்டும். அதனால் வட்டுக்கும் டேப்புக்கும் உள்ள சேர்க்கைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கெர்னலை ரூட்டில் வைத்து அனுப்பினார்கள். உங்களுடையதை மட்டும் "யூனிக்ஸ்" என்று பெயர் மாற்றிக்கொள்ளலாம். மெமரி எவ்வளவு என்று ஒரு வரி வரும், அடுத்து # குறி. நீங்கள் உள்ளே வந்துவிட்டீர்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. ஏன் இரண்டு முறை? ஆர்பி03 வட்டை யூனிக்ஸ் மூன்றாகப் பங்கு போடுகிறது. முதல் 5000 பிளாக் ரூட், அடுத்த 2000 ஸ்வாப் (மெமரி போதாதபோது பயன்படும் இடம்), மிச்சமுள்ள 74000 யூஎஸ்ஆர். கூட்டினால் 81000. ஒரு சிலிண்டருக்கு 200 பிளாக் என்பதால் 25-ஆம் சிலிண்டரில் ஸ்வாப்பும் 35-ஆம் சிலிண்டரில் யூஎஸ்ஆரும் சரியாகத் தொடங்கும். முதல் எம்கேஎஃப்எஸ் ரூட்டுக்கு, இரண்டாவது யூஎஸ்ஆருக்கு. ஒரே வேலை இரண்டு தடவை நடக்கவில்லை, இரண்டு வேறு ஃபைல் சிஸ்டங்கள் உருவாகின்றன. முதல் முறை இயங்குதளம் இல்லாததால் தனியாக ஓடும் நிரலைப் பயன்படுத்தினோம். இரண்டாம் முறை யூனிக்ஸே ஓடுகிறது, அதனால் அதன் சொந்தக் கட்டளையைப் பயன்படுத்துகிறோம். பங்குகளின் எல்லை வட்டில் எங்கும் எழுதப்பட்டிருக்காது. டிரைவர் நிரலுக்குள் ஒரு சிறிய அட்டவணையாக இருக்கும். ஆர்பி04, 05 என்றால் 74000-க்குப் பதில் 153406, ஆர்பி06 என்றால் 322278. சிமுலேட்டரில் ஒரு வகை வட்டை இணைத்துவிட்டு வேறு வகையின் எண்ணைக் கொடுத்தால் வரும் தொல்லைகளுக்குக் காரணம் இதுதான்.

இதற்கு முன் டெவ் அடைவுக்குப் போய் உங்கள் வட்டுக்கும் டேப்புக்கும் உரிய சாதனக் கோப்புகளை மேக் கட்டளையால் உருவாக்கியிருப்பீர்கள். அதை விட்டுவிட்டு, இல்லாத சாதனத்துக்கு எழுதச் சொன்னால், யூனிக்ஸ் அந்தப் பெயரில் சாதாரணக் கோப்பு ஒன்றைத் திறந்து அதில் எழுதிக்கொண்டே போகும். 5000 பிளாக் ரூட் மிக விரைவில் நிரம்பிவிடும்.

இரண்டாம் கேள்வி, ஆறு கோப்புகளைத் தாண்டுவது. யூஎஸ்ஆர் டம்ப் 6-ஆம் எண்ணில் இருக்கிறது, அதற்கு முன் 0 முதல் 5 வரை ஆறு கோப்புகள். டிடி என்ற நகலெடுக்கும் கட்டளை அந்த ஆறையும் படித்து ஒன்றுமில்லாத இடத்தில் கொட்டுகிறது. டேப்பை நகர்த்துவது மட்டுமே அதன் நோக்கம். இங்கே கவனிக்க வேண்டியது சாதனத்தின் பெயர். தாண்டும்போது என்ஆர்எம்டி0, முன்னால் இருக்கும் என் எழுத்து "முடிந்ததும் சுற்றித் திரும்பாதே" என்று பொருள். ரெஸ்டோருக்கு வெறும் ஆர்எம்டி0. முதல் கட்டளையில் அந்த ஒரு எழுத்து விடுபட்டால், ஆறையும் தாண்டிய டேப் சமர்த்தாகத் தொடக்கத்துக்கே சுற்றிக்கொண்டு போய்விடும். ரெஸ்டோர் பூட் நிரலை டம்ப் என்று நினைத்துப் படித்துத் தோற்கும். நான் முதன்முதலில் இதைச் செய்தபோது ஒரு மாலை முழுவதும் டேப் பிம்பம் கெட்டுவிட்டது என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

அதே கட்டளையில் பிளாக் அளவு 20பி என்று இருக்கிறதே, அதாவது 10240 பைட், அதற்கும் காரணம் உண்டு. ஒவ்வொரு பிளாக்குக்கும் நடுவில் டேப் நின்று கிளம்ப 0.6 அங்குலம் வெற்றிடம் வேண்டும். அங்குலத்துக்கு 800 என்ற அடர்த்தியில் 512 பைட் பிளாக் 0.64 அங்குலம்தான். டேப்பில் கிட்டத்தட்ட பாதி வீணாகும். 10240 பைட் என்றால் 12.8 அங்குலத் தரவுக்கு 0.6 அங்குல இடைவெளி. அதனால் சிறிய பூட் நிரல்கள் 512-ஆகவும் பெரிய டம்புகள் 10240-ஆகவும் எழுதப்பட்டிருக்கின்றன.

டேப் பிம்பத்தைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். டேப்பில் பிளாக் நீளமும் டேப் மார்க்கும் தரவைப் போலவே முக்கியம். சிம்ஹெச்சின் டேப் பிம்பம் ஒவ்வொரு பிளாக்குக்கு முன்னும் பின்னும் நான்கு பைட்டில் அதன் நீளத்தை எழுதி வைக்கிறது. நீளம் பூஜ்யம் என்றால் அது டேப் மார்க். ஏழு கோப்புகளை ஒன்றாக ஒட்டிய வெறும் கோப்பை இணைத்தால் வேலை செய்யாது. பிம்பத்தை நிஜ டேப்பில் எழுதும்போதும் இந்த நீளங்களைப் படித்து அதன்படியே எழுத வேண்டும்.

நிஜ இயந்திரம் கிடைத்தால் என்று கேட்டீர்கள். அந்தக் காலத்து டேப் கையில் கிடைத்தால் தயவுசெய்து அதை நேராக டிரைவில் மாட்டாதீர்கள். பல பழைய டேப்புகளில் காந்தப் பூச்சைப் பிடித்து வைத்திருக்கும் பிசின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போயிருக்கும். ஓட்டினால் பூச்சு உரிந்து ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும், தகவல் திரும்ப வராது. அப்படிப்பட்டதை ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் வைத்து ஈரத்தைப் போக்கிய பிறகு, அனுபவப்பட்டவர் ஒருவர் ஒருமுறை படித்துப் பிம்பமாக எடுத்துவிட வேண்டும். நிறுவுவதற்கு அந்தப் பிம்பத்திலிருந்து நல்ல டேப் ஒன்றில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் ரீலின் பின்பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் வளையத்தைக் கழற்றிவிடுங்கள். வளையம் இல்லாத டேப்பில் டிரைவ் எழுதாது. ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைப்பதும், டேப்பின் தொடக்கத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளி ஒட்டு இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். அந்த ஒட்டைப் பார்த்துத்தான் டிரைவ் தொடக்கத்தைக் கண்டுபிடிக்கிறது. டியு10-க்கு 800 அடர்த்தி மட்டுமே தெரியும். 1600-இல் எழுதிய டேப்பை அதில் மாட்டிப் பயனில்லை.

மிச்சம் சின்னச் சின்ன வேலைகள். யூஎஸ்ஆர் ஏறியதும் அங்கே எம்டெக் அடைவில் இருக்கும் பூட் பிளாக்கை டிடி கட்டளையால் வட்டின் முதல் பிளாக்கில் எழுதிவிட்டால் இனி டேப் தேவையில்லை. வட்டிலிருந்து பூட் செய்யும்போது கன்சோலில் ஒன்றுமே வராமல் நின்றால் பயப்பட வேண்டாம், அது உங்களுக்காகக் காத்திருக்கிறது. "பூட்" என்று அடியுங்கள், பழைய முக்காற்புள்ளி வரும். கன்ட்ரோல்-டி அடித்துப் பலர் பயன்படுத்தும் நிலைக்குப் போனால் எழுத்தெல்லாம் பெரிய எழுத்தில் வரலாம். சிற்றெழுத்து இல்லாத பழைய டெலிடைப்புகளுக்கான ஏற்பாடு அது, எஸ்டிடிஒய் கட்டளையில் -எல்கேஸ் கொடுத்தால் சரியாகிவிடும். பேக்ஸ்பேஸுக்குப் பதில் #, முழு வரியையும் அழிக்க @. ரூட் என்ற நிர்வாகப் பயனரின் கடவுச்சொல்லும் ரூட்தான்.

தேதி 1969 டிசம்பர் 31 என்று காட்டினால் இயந்திரம் கெடவில்லை. அதன் நேரம் பூஜ்யத்தில் இருக்கிறது. பூஜ்யம் என்பது கிரீன்விச்சில் 1970 ஜனவரி 1, நியூஜெர்சியில் அப்போது முந்தைய நாள் மாலை. நேர மண்டலம் கெர்னலின் தலைப்புக் கோப்பில், கிரீன்விச்சுக்கு மேற்கே எத்தனை நிமிடம் என்று இருக்கும். நம் நேரம் வேண்டுமென்றால் அங்கே -330 போட்டுக் கெர்னலை மறுபடி கட்டுங்கள். தேதியில் "ஜிஎம்டி+5:30" என்று வரும்.

அணைக்கும்போது மட்டும் அவசரம் வேண்டாம். ஏழாம் பதிப்பில் ஷட்டவுன் கட்டளை இல்லை. ஸிங்க் அடித்து, மெமரியில் மிச்சமிருப்பது வட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகே ஹால்ட் செய்யுங்கள். தவறிப்போய் அணைந்துவிட்டால், ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துச் சரிசெய்யும், நமக்குப் பழக்கமான எஃப்எஸ்சிகே இந்த டேப்பில் கிடையாது. ஐசெக், டிசெக் இரண்டையும் ஓட்டி, அவை காட்டும் எண்களைப் பார்த்துக் கையால்தான் சரிசெய்ய வேண்டும். முதல்முறை அதைச் செய்ய நேர்ந்தால் வரும் வெளியீட்டை அப்படியே அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம்.